அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் கோச்சை நீக்குவது நிர்வாகமா, நன்கொடையாளர்களா?

பல வருடங்களாக டெக்சஸில் இருக்கிறேன். இங்கே செப்டம்பர் பிறந்துவிட்டால் சனிக்கிழமை முழுக்கக் கல்லூரி ஃபுட்பால்தான் (நம்ம ஊர் கால்பந்து இல்லை, அமெரிக்க ஃபுட்பால்). பார்த்துப் பார்த்து எனக்குப் புரிந்தது இதுதான்: கோச் மேல் கோபம் வருவது தோல்வியால். அவர் என்றைக்கு வெளியே போவார் என்பதோ, அனுப்பும் செலவை யார் ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கோச்சாக இருந்த ஜிம்போ ஃபிஷரைப் பாருங்கள். 2020-ல் 9 வெற்றி, 1 தோல்வி. அடுத்த வருடமே 2031 வரை புது ஒப்பந்தம், சுமார் 9.5 கோடி டாலர், மொத்தமும் உத்தரவாதத்தோடு. நடுவில் நீக்கினாலும் மிச்சப் பணம் முழுக்க அவருக்குத்தான். வேறு வேலை கிடைத்தாலும் ஒரு டாலர்கூடக் கழிக்க முடியாது. 2022-ல் 5 வெற்றி, 7 தோல்வி. 2023 நவம்பரில் மிசிசிப்பி ஸ்டேட்டை 51-10 என்று நொறுக்கினார்கள். ஜெயித்த மறுநாளே அவரை நீக்கினார்கள்! கொடுக்க வேண்டியது சுமார் 7.6 கோடி டாலர்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மாணவர் கட்டணமோ வரிப்பணமோ இல்லை என்றது நிர்வாகம். முதல் தவணை, அந்தப் பல்கலைக்கழக விளையாட்டுக்கு நிதி திரட்டும் அமைப்பான 12த் மேன் ஃபவுண்டேஷனின் நன்கொடையிலிருந்து. இந்த அமைப்பு வழியாகத்தான் சீசன் டிக்கெட்டும் போகிறது. அதிகம் கொடுத்தவருக்கு நல்ல சீட். லட்சம் பேருக்கு மேல் உட்காரும் அவர்களுடைய கைல் ஃபீல்டு ஸ்டேடியத்தில் அந்த ஆட்கள் கையை மடக்கிக்கொண்டால் விளையாட்டுத் துறை ஆட்டம் காணும். அதனால் அவர்கள் நேரில் வந்து 'நீக்கு' என்று சொல்லத் தேவையே இல்லை. நீட்டிப்பு கொடுத்தபோது கைதட்டிய கூட்டமே பிறகு நீக்குவதற்கும் பணம் கட்டியது என்பதுதான் எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

பணம் எதிர்ப்பக்கமும் இழுக்கும். 2015 நவம்பரில் லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம் (எல்.எஸ்.யு.) வரிசையாக மூன்று ஆட்டம் தோற்றது. அதன் கோச் லெஸ் மைல்ஸ் போய்விடுவார் என்றே எல்லோரும் எழுதினார்கள். அவரை அனுப்ப ஒன்றரைக் கோடி டாலர் வரை ஆகும். லூயிசியானாவிலோ பல்கலைக்கழகங்களுக்கான அரசு நிதியையே வெட்டிக்கொண்டிருந்த காலம். கடைசி ஆட்டத்தில் ஜெயித்தார், தப்பினார். அடுத்த செப்டம்பரில் நீக்கிவிட்டார்கள்.

அலபாமா மாநிலத்தின் ஆபர்ன் பல்கலைக்கழகக் கதை இன்னும் மோசம். 2003-ல் பல்கலைக்கழகத் தலைவரும் அறங்காவலர்கள் சிலரும், பதவியில் இருந்த கோச் டாமி டியூபர்வில்லுக்குத் தெரியாமல், தனி விமானத்தில் போய், அவர் இடத்துக்காக லூயிவில் பல்கலைக்கழகக் கோச் பாபி பெட்ரினோவைச் சந்தித்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் தலைவர் ராஜினாமா செய்ய வேண்டியதாயிற்று. டியூபர்வில் அடுத்த வருடம் 13 ஆட்டமும் ஜெயித்தார்.

ஆகவே, ஒரு கோச் போவாரா என்று கணிக்க விரும்பினால் நான் முதலில் பார்ப்பது ஒப்பந்தத்தில் மிச்சமுள்ள தொகையை. அடுத்து, நவம்பரில் காலியாகக் கிடக்கும் சீட்டுகளை. புள்ளிப் பட்டியல் அதற்குப் பிறகுதான்.

தலைமைக் கோச்சுக்காக நான் வருத்தப்படுவதில்லை. அவரோடு சேர்த்து வேலை இழக்கிறவர்கள் இருக்கிறார்களே, துணைப் பயிற்சியாளர்கள், அலுவலக ஊழியர்கள், அவர்களுக்கு இப்படிக் கோடிகள் கிடைப்பதில்லை. எங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம் இருந்தது. பள்ளி ஆண்டின் பாதியில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போனார்கள்.