அறுவை சிகிச்சையில் எடுக்கும் மூட்டுத் துண்டை ஆய்வுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 66 வயது. மூட்டுத் தேய்மானம் முற்றிவிட்டதால் அடுத்த மாதம் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. அப்போது எடுக்கும் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வுக்கூடத்துக்குத் தர சம்மதமா என்று ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அம்மா பயப்படுகிறார். கையெழுத்துப் போடலாமா? அதை வைத்து என்ன செய்வார்கள்? இடது காலுக்காவது பலன் கிடைக்குமா?

பதில்: தாராளமாகப் போடலாம். செயற்கை மூட்டைப் பொருத்த, தொடை எலும்பின் அடிமுனையையும் கீழ்க்கால் எலும்பின் மேல்முனையையும் சில மில்லிமீட்டர் சீவி எடுத்தே ஆக வேண்டும். ஆய்வுக்குக் கொடுக்காவிட்டால் அந்தத் துண்டுகள் மஞ்சள் பையில் போய், எரிக்கப்படும். ஆய்வுக்காகக் கூடுதலாக எதையும் வெட்ட மாட்டோம் என்று படிவத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, அம்மாவிடம் சொல்லுங்கள்.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அடிபட்டால் அது சரியாக ஆறாததற்கு இது முக்கியமான காரணம். ஆனால் அதே காரணத்தால், வெட்டி எடுத்த பிறகும் 37 டிகிரி வெப்பத்தில் ஊட்டக் கரைசலுக்குள் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு முழங்காலின் உள்பக்கம்தான் அதிகம் தேயும். வெளிப்பக்கத்தில் ஓரளவு நல்ல குருத்தெலும்பு மிஞ்சியிருக்கும். ஒரே ஆளிடமிருந்து கெட்டதும் நல்லதும் சேர்ந்து கிடைப்பது ஆய்வாளர்களுக்குப் பெரிய வரம். அவற்றிலிருந்து சின்னச் சின்ன வட்டத் துண்டுகள் எடுத்து, சிலவற்றில் இன்டர்லூக்கின்-1 போன்ற அழற்சிப் புரதத்தைச் சேர்த்துச் சிதைவைத் தூண்டுவார்கள். பிறகு ஒரு மருந்தைச் சேர்த்து, சிதைவு குறைகிறதா என்று அளப்பார்கள்.

செல்களை மட்டும் பிரித்து வளர்த்தால் போதாதா? போதாது. தட்டையான பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் குருத்தெலும்புச் செல்கள் தங்கள் இயல்பையே இழந்துவிடுகின்றன. மூட்டுக்கு வேண்டிய இரண்டாம் வகைக் கொலாஜன் புரதத்தை விட்டுவிட்டு, தழும்புத் திசுவில் இருக்கும் முதல் வகையை உண்டாக்கத் தொடங்கும். அதனால்தான் ஜெல்லுக்குள் முப்பரிமாணமாக வளர்க்கிறார்கள், அழுத்தமும் கொடுக்கிறார்கள். 2019-இல் இத்தாலியின் மிலான், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள், செல் வளர்ப்புக்கான ஒரு சிறிய சிப்பில் மனிதச் செல்களிலிருந்து குருத்தெலும்பை வளர்த்து, அளவுக்கு மீறி, சுமார் 30 சதவீதம் நசுக்கினார்கள். வெளியிலிருந்து அழற்சிப் புரதம் எதுவும் சேர்க்காமலேயே தேய்மானத்தின் அறிகுறிகள் தோன்றின. சுமை மட்டுமே நோயைத் தொடங்கி வைக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த அழகான சான்று இது.

சரி, இவ்வளவு செய்தும் தேய்மானத்தை நிறுத்தும் மருந்து ஏன் இன்னும் வரவில்லை? எலியிலும், மனிதக் குருத்தெலும்புத் துண்டிலும் சிதைவைத் தடுத்த ஒரு மாத்திரையை, குருத்தெலும்பைச் சிதைக்கும் அடம்ட்ஸ்-5 என்ற நொதியை அடக்குவது அது, 900-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் குருத்தெலும்பு இழப்பில் வித்தியாசம் இல்லை என்று 2020-இல் தெரிந்தது. மூட்டு என்பது குருத்தெலும்பு மட்டும் இல்லையே! உட்சவ்வு, அடியெலும்பு, கொழுப்புத் திண்டு எல்லாம் சேர்ந்துதான் நோயுறுகின்றன. இவற்றையும் ஒன்றாக வைத்து வளர்க்கும் மாதிரிகள் இப்போது வருகின்றன. படிவத்தில் சவ்வும் கொழுப்பும் கேட்டிருந்தால் அதற்காகத்தான், பயப்பட வேண்டாம். இன்னொரு குறையும் உண்டு: அறுவை சிகிச்சையில் கிடைப்பது முற்றிய மூட்டு. நோய் எப்படித் தொடங்கியது என்பதை அது முழுதாகக் காட்டாது.

இடது காலுக்குப் பலன் கிடைக்காது. இதை ஒளிக்காமல் சொல்வது என் கடமை. குருத்தெலும்பு வளர்ந்தாலே வலி போய்விடும் என்றும் இல்லை. ஸ்ப்ரிஃபெர்மின் என்ற ஊசி குருத்தெலும்பைச் சற்றுத் தடிமனாக்கியது. ஆனால் 2019-இல் வெளியான முடிவில், வெற்று ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட வலி கூடுதலாகக் குறையவில்லை. இந்தத் துண்டிலிருந்தே செல் எடுத்து இடது காலுக்கு ஊசி போடுகிறோம் என்று யாராவது சொன்னால், அது வேறு விஷயம், வேறு படிவம். அது பதிவு செய்யப்பட்ட மருத்துவப் பரிசோதனையா, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நம் நாட்டில் தேய்மானத்துக்கு 2022-இல் அனுமதி பெற்ற ஸ்டெம்பியூசெல் என்ற ஸ்டெம் செல் தயாரிப்பு, நன்கொடையாளர்களின் எலும்பு மஜ்ஜையிலிருந்து வருவது. அம்மாவின் துண்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இடது காலுக்கு இப்போதைக்குத் தொடைத் தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும்தான் நல்லது. 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் சுமார் 4 கிலோ சுமை குறையும்.

படிவத்தில் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண் இருக்க வேண்டும். பெயர் நீக்கப்படுமா, மரபணுச் சோதனை உண்டா, நிறுவனங்களுக்குத் தருவார்களா என்று கேளுங்கள். சம்மதம் தராவிட்டாலும், பின்னால் மனம் மாறினாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது. திசு சில மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடம் போய்ச் சேர வேண்டும் என்பதால், அறுவை சிகிச்சை அன்று காலையில்கூட அவசரமாகக் கையெழுத்துக் கேட்பதுண்டு. அதற்கு இடம் கொடுக்காமல் படிவத்தை முன்பே வீட்டுக்கு வாங்கி வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்தை அவர்தான் போட வேண்டும்.