அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதியான ஆப்பமாட்டாக்ஸ் கவுண்டிக்கு ஒரு நாள் போய் வரலாமா? வட, தென் மாநிலங்களுக்கு இடையே நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) முடிந்த வீட்டைத் தவிர அங்கு வேறு என்ன இருக்கிறது?

தாராளமாகப் போய் வரலாம். மாநிலத் தலைநகர் ரிச்மண்டிலிருந்து மேற்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றுவிடலாம். ஏறத்தாழ 16,000 பேர் மட்டுமே வசிக்கும் இந்தக் கவுண்டியில் பெரும்பகுதி காடும் மேய்ச்சல் நிலமும்தான். ஆனால் ஒரு வேண்டுகோள்: அந்த ஒரு வீட்டை மட்டும் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இங்கு வரும் பலரும் தேடிச் செல்லும் அந்த வீடு பிற்காலத்தில் மறுபடியும் கட்டியது. 1865ஐக் கண்ட அசல் கட்டடங்கள் அதைச் சுற்றி நிற்கின்றன. பெரும்பாலோர் அவற்றைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த வீடு இருக்கும் ஆப்பமாட்டாக்ஸ் கோர்ட் ஹவுஸ் என்ற சிற்றூர் இன்றுவரை பழைய தோற்றத்தில் இருப்பதற்கு ரயில் பாதையே காரணம். லிஞ்ச்பர்க் செல்லும் குதிரை வண்டிச் சாலையை நம்பி வளர்ந்த ஊர் இது. 1854இல் வந்த ரயில் சுமார் 5 கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. 1892இல் நீதிமன்றம் தீப்பிடித்து எரிந்தபோது அதை இங்கே திரும்பக் கட்டாமல், கவுண்டியின் தலைமையிடத்தை ரயில் நிலையம் இருந்த ஊருக்கே, அதாவது இன்றைய ஆப்பமாட்டாக்ஸ் நகருக்கே, மாற்றினார்கள். மக்கள் வெளியேறினார்கள், புதிய கடைகள் எதுவும் வரவில்லை. இப்போது தேசியப் பூங்காத் துறை பராமரிக்கும் அந்த இடத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. நீதிமன்றத்தின் தோற்றத்தில் 1960களில் எழுப்பிய கட்டடம் பார்வையாளர் மையமாக இருக்கிறது. முதலில் அங்கே வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

சரணடைவு நடந்தது வில்மர் மெக்லீன் என்பவரின் வீட்டில். 1861இல் மனாசஸில் இருந்த தம் பண்ணையைப் போர் சூழ்ந்துகொண்டதைக் கண்டவர், பிற்பாடு குடும்பத்தோடு இந்த ஒதுக்குப்புறத்துக்குக் குடிவந்தார். 1865 ஏப்ரல் 9, குருத்தோலை ஞாயிறு. அன்று பிற்பகல் அவருடைய வரவேற்பறையில் தென்படைத் தளபதி லீயும் வடபடைத் தளபதி கிராண்டும் சுமார் ஒன்றரை மணி நேரம் அமர்ந்து பேசி, லீயின் படை சரணடைவதை முடிவுசெய்தார்கள். 1893இல் சிலர் இந்த வீட்டை வாஷிங்டனில் காட்சிப்பொருளாக நிறுத்தப்போவதாகச் சொல்லிச் செங்கல் செங்கலாகப் பிரித்தார்கள். பணம் தீர்ந்துபோகவே, அந்தக் குவியல் அதே இடத்தில் கிடந்து பாழாயிற்று. பிரிப்பதற்கு முன் அவர்கள் அளவெடுத்து வரைந்த படங்களே பிற்காலத்தில் வீட்டைத் திரும்பக் கட்ட உதவின. 1949இல் வீடு பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கிராண்ட் பயன்படுத்திய மேசை இப்போது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் உள்ளது. இங்கே காண்பது அதன் நகல். வீட்டுக்குப் பின்னால் சமையற்கட்டும் அடிமைகளின் குடிலும் உண்டு. அவையும் மறுபடியும் கட்டியவைதான் என்றாலும், அவற்றைப் பார்க்காமல் வராதீர்கள்.

நான் மிகவும் விரும்பும் இடம் 1819இல் கட்டிய க்ளோவர் ஹில் விடுதி. சரணடைந்த வீரர்களைச் சிறைப்படுத்தாமல் வீட்டுக்கு அனுப்ப வழங்கிய பரோல் சீட்டுகள் இந்த விடுதியில்தான் அச்சிடப்பட்டன. உள்ளே ஒரு கை அச்சு இயந்திரத்தையும், மை காய்வதற்காகக் கொடியில் தொங்கவிட்டிருக்கும் சீட்டுகளையும் காணலாம். உள்ளங்கையளவு காகிதம்தான், வீரனின் பெயரை எழுத ஒரு வெற்றுக் கோடு, யாரும் இவனைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற உத்தரவு, அவ்வளவே. 28,000க்கும் மேற்பட்டோர் இதைக் கையில் வைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார்கள். சொந்தக் குதிரை வைத்திருந்தவர்கள் விதைப்புப் பருவத்துக்காக அதைக் கொண்டுபோகவும் கிராண்ட் அனுமதித்தார். தளபதிகளின் பெருந்தன்மையைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கின்றன. தோற்ற படை கலைந்து ஊர் திரும்பியது எப்படி என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த அறைதான்.

அங்கிருந்து பழைய வண்டிச் சாலையில் நடந்து செல்லுங்கள். ஏப்ரல் 12 அன்று தென்படையினர் துப்பாக்கிகளை அடுக்கிவைத்துவிட்டுச் சென்ற சாலை இது. மேற்கே ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் உள்ளது. அங்கே தென்தரப்பு வீரர்கள் 18 பேரும், பெயர் தெரியாத வடதரப்பு வீரர் ஒருவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். போருக்கு முன் இந்தக் கவுண்டியின் மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அடிமைகள் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அவர்களில் ஒருவர் ஹன்னா ரெனால்ட்ஸ். சண்டை நெருங்கியதும் எசமானர்கள் வீட்டைவிட்டு வெளியேற, அங்கேயே இருந்த அவர்மீது பீரங்கிக் குண்டு பாய்ந்தது. மூன்று நாட்களுக்குப் பின் அவர் இறந்தபோது லீயின் படை சரணடைந்திருந்தது. அவர் விடுதலை பெற்றவராகவே இறந்தார். 2015இல், 150ஆம் ஆண்டு நினைவின்போது, அவருக்கு இறுதிச் சடங்கு போன்றதொரு நினைவு நிகழ்ச்சி நடத்தி, விடுதலையடைந்த உள்ளூர் அடிமைகளின் நினைவாக 4,600 விளக்குகள் ஏற்றினார்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள் லீ, கிராண்ட் பெயர்களோடு இவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மதியத்துக்குப் பிறகு ஆப்பமாட்டாக்ஸ் நகருக்கு வாருங்கள். பூங்காவுக்குள் உணவகம் இல்லை. சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் கையில் கட்டிக்கொண்டு போவதே நல்லது. நகரை ஒட்டி 2012இல் திறந்த உள்நாட்டுப் போர் அருங்காட்சியகத்தில் சரணடைந்த அன்று லீ அணிந்திருந்த சீருடையும் வாளும் உள்ளன. இதற்குக் கட்டணம் உண்டு. காலாற நடக்க விரும்பினால், காட்டுக்குள் இருக்கும் ஹாலிடே லேக் மாநிலப் பூங்காவுக்குச் செல்லலாம். ஏரியைச் சுற்றி நடைபாதை இருக்கிறது, கோடையில் நீந்தலாம். சிற்றூரில் உள்ள தேசியப் பூங்காவில் 1865ஆம் ஆண்டு உடையில் நின்று, அந்தக் காலத்து ஆட்களாகவே உங்களோடு பேசுபவர்கள் வருவதும் கோடையில்தான்.

தெற்கே வட கரோலினா மாநிலத்தின் ராலே, டர்ஹம் பக்கமாகத் திரும்புபவர்கள் டர்ஹமில் உள்ள பென்னட் பிளேஸ் பண்ணை வீட்டையும் மறுநாள் பார்த்துவிடலாம். லீ சரணடைந்ததோடு போர் முழுவதும் ஓய்ந்துவிடவில்லை; அதைவிடப் பெரிய சரணடைவு ஏப்ரல் 26 அன்று அங்கேதான் நடந்தது.