மட்டக்குதிரையின் வெல்ஷ் பெயர்

கேள்வி: வேல்ஸ் நாட்டு மட்டக்குதிரை ஒன்றின் பதிவுச் சான்றிதழில் 'எஸ்-இ-ஆர்-இ-என் எஃப்-ஏ-சி-எச்' என்ற பெயர் உள்ளது. அதை எப்படி உச்சரிப்பது? பொருள் என்ன?

பதில்: ஏறத்தாழ 'செரென் வாஃக்' என்று, 'செ'யை அழுத்திச் சொல்ல வேண்டும், 'சிறு விண்மீன்' என்பது பொருள். வெல்ஷ் மொழியில் ஒற்றை 'எஃப்' வகர ஒலியையே தரும். இறுதியிலுள்ள 'சி-எச்' ககரமும் அன்று, சகரமும் அன்று. தொண்டையை அடைக்காமல் காற்றை உரசவிட்டு, 'அஃது' என்பதிலுள்ள ஆய்தத்தைச் சற்று அழுத்தினால் அந்த ஒலியை நெருங்கிவிடலாம். 'சிறிய' என்பதற்கான சொல் உண்மையில் 'பாஃக்'. 'செரென்' பெண்பாற் பெயர்ச்சொல் என்பதால், அதை அடுத்து வரும் பகரம் வகரமாகத் திரிகிறது. குதிரை ஆணாக இருந்தாலும் இத்திரிபு மாறாது. பெயருக்கு முன்னால் வேறொரு சொல் இருந்தால், அது பெரும்பாலும் அக்குதிரை பிறந்த பண்ணையைக் குறிக்கும்.