கவுன்சிலருக்கு வந்த பேட்டி அழைப்பு கேலிப் பேட்டிக்கான வலையா?

கேள்வி: நான் லண்டன் புறநகர்ப் பகுதியில் ஒரு கவுன்சிலரின் உதவியாளராகப் பணிபுரிகிறேன். இளைஞர்களிடையே பரவுவதாகச் சொல்லப்படும் ஒரு புதிய போதைப்பொருளைப் பற்றி எச்சரித்துக் கேமரா முன் பேச வேண்டும் என்று, நாங்கள் கேள்விப்பட்டிராத ஒரு தயாரிப்பு நிறுவனம் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. பேச வேண்டிய வாசகங்களையும் ஒப்புதல் படிவத்தையும் அவர்களே இணைத்திருக்கிறார்கள். இது நகைச்சுவை நிகழ்ச்சிக்கான வலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கையெழுத்திட்ட பிறகு ஒளிபரப்பைத் தடுக்க முடியுமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மக்கள் பிரதிநிதி ஒருவர் தாமாக வந்து, கேமரா முன் அமர்ந்து, படிவத்திலும் கையெழுத்திட்டுப் பேசிய காட்சியை ஒளிபரப்பாமல் தடுப்பது பிரிட்டனில் மிகக் கடினம். ஆகவே செய்ய வேண்டியதையெல்லாம் படப்பிடிப்புக்கு முன்பே செய்தாக வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது முன்பின் தெரியாத நிறுவனத்தின் பெயர் அன்று. பேச வேண்டிய வாசகங்களை அவர்களே எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்ற செய்திதான்.

காரணம் சொல்கிறேன். சேனல் 4 தொலைக்காட்சியில் 1997-இல் கிறிஸ் மோரிஸ் வழங்கிய ‘பிராஸ் ஐ’ என்ற கேலித் தொடரின் ஒரு பகுதி போதைப்பொருள்களைப் பற்றியது. அதற்காக ‘கேக்’ என்ற போதைப்பொருளையே அவர்கள் கற்பனையில் உருவாக்கினார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வருவதாகச் சொல்லப்பட்ட அந்த மாத்திரை பளீரென்ற மஞ்சள் நிறத்தில், நிஜமான கேக் ஒன்றின் அளவுக்கு இருந்தது. விழுங்கவே முடியாத அந்த வட்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு, பிரபலங்கள் ஒருவர் பின் ஒருவராக இளைஞர்களை எச்சரித்தார்கள். மார்கரெட் தாட்சரின் பத்திரிகைச் செயலாளராக இருந்த பெர்னார்ட் இங்ஹாமும் அவர்களில் ஒருவர். மூளையில் நேர உணர்வைக் கவனிக்கும் ‘ஷாட்னர்ஸ் பஸூன்’ என்ற பகுதியை அது தாக்குகிறது என்று விளக்கம் தரப்பட்டது. அப்படி ஒரு பகுதி யாருடைய மூளையிலும் கிடையாது. ஒரு சிறுவன் உடலிலிருந்த தண்ணீர் முழுவதையும் அழுதே தீர்த்துவிட்டான் என்று ஒரு நகைச்சுவையாளர் கண்டிப்பான முகத்துடன் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘இது ஒரு மேட்-அப் போதைப்பொருள்’ என்ற தொடர் நிகழ்ச்சியில் திரும்பத் திரும்ப வந்தது. ‘புனையப்பட்டது’ என்பதே அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் என்பதை நினைத்துப் பாருங்கள். பொய் என்று அறிவித்துக்கொண்டே வந்த பொய் அது.

அப்போது பேசில்டன் தொகுதியின் கன்சர்வேட்டிவ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டேவிட் அமெஸ் அதில் நடித்துக் கொடுத்ததோடு நில்லாமல், 1996 ஜூலையில், அதாவது நிகழ்ச்சி ஒளிபரப்பாவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, இந்தக் ‘கேக்’ பற்றி நாடாளுமன்றத்தில் உள்துறைக்குக் கேள்வியும் அனுப்பினார். இல்லாத பொருளைப் பற்றி உள்துறையும் முறையாகப் பதில் அளித்தது. அந்தக் கேள்வியும் பதிலும் நாடாளுமன்ற அவைக்குறிப்பில் இன்றும் அச்சில் இருக்கின்றன. அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. 2021-இல் தொகுதி மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்திலேயே குத்திக் கொல்லப்படும் வரை, சுமார் 38 ஆண்டுகள் இடைவிடாமல் உறுப்பினராக இருந்தவர் அவர். அத்தனை அனுபவமுள்ளவரையும் இந்த வலை பிடித்தது என்பதைத்தான் உங்கள் கவுன்சிலருக்கு நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். நல்ல நோக்கம், கடிதத்தாளில் கனமான பெயர் கொண்ட ஓர் இயக்கம், தயாராக எழுதப்பட்ட வாசகம் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால், உள்ளடக்கத்தைச் சரிபார்க்கும் பொறுப்பு வேறு யாருடையதோ என்று மனம் நினைத்துவிடுகிறது.

2001 ஜூலையில் அதே தொடரின் சிறப்புப் பகுதி ஒன்று, குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களைப் பற்றி ஊடகங்கள் கிளப்பிய பீதியைக் கேலி செய்தது. அதில் தொழிற்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் சிட் ராப்சன், குற்றவாளிகள் அயர்லாந்து அளவுள்ள ஓர் இணையப் பரப்பைப் பயன்படுத்துவதாகச் சொன்னார். ஒரு வானொலி அறிவிப்பாளரோ, அவர்களுடைய மரபணுக்கள் நம்முடையவற்றைவிட நண்டுகளுடையவற்றோடுதான் அதிகம் ஒத்துப்போகின்றன என்று சொல்லிவிட்டு, இதற்குச் சான்று இல்லை, ஆனாலும் இது அறிவியல் உண்மை என்று ஒரே மூச்சில் முடித்தார். நிகழ்ச்சியைக் கடுமையாகக் கண்டித்த உள்துறையின் இளநிலை அமைச்சர் பெவர்லி ஹியூஸ், தாம் அதைப் பார்க்கவில்லை என்று பிறகு ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

இன்னொரு வகையும் உண்டு. அதில் எழுதிய வாசகம் இருக்காது. எதிரே அமர்ந்திருக்கும் ஆள்தான் போலி. பிரிட்டிஷ் நகைச்சுவை நடிகர் சாஷா பேரன் கோஹன் 1990களின் இறுதியில் ‘அலி ஜி’ என்ற அரைகுறை அறிவுள்ள இளைஞராக வேடமிட்டு, இளைஞர் நிகழ்ச்சிக்கு என்று சொல்லிப் பல பெரியவர்களைப் பேட்டி கண்டார். தொழிற்கட்சியின் மூத்த தலைவர் டோனி பென்னும் எதிரே இருப்பது வேடம் என்று அறியாமலேயே பேசினார். ஆனால் தமக்கு ஒவ்வாத ஒரு வாக்கியத்தைக்கூட அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. தொழிலாளர்களையும் பெண்களையும் அலி ஜி இழிவாகப் பேசியபோது பொறுமையிழக்காமல், ஆனால் அழுத்தமாக, மறுத்துக்கொண்டே வந்தார். அவர் ஏமாந்தார் என்பது உண்மை. பார்த்தவர்களிடம் அவருடைய மதிப்பு குறையவில்லை என்பதும் உண்மை. கேலிப் பேட்டியில் சிக்கியவர்களில் எனக்குப் பிடித்தவர் அவர்தான்.

இனி விதிகளுக்கு வருகிறேன். பிரிட்டனில் ஒளிபரப்பை மேற்பார்க்கும் ஆஃப்காம் அமைப்பின் விதித்தொகுப்பில் ஏழாம் பிரிவு நியாயமான நடத்துமுறையைப் பற்றியது. ஏமாற்றி ஒருவருடைய பங்கேற்பைப் பெறுவது பொதுவாகக் கூடாது என்றே அது சொல்கிறது. ஆனால் பொதுநலன் சார்ந்த காரணம் இருந்து, வேறு வழியில் அந்தத் தகவலைப் பெற முடியாது என்றால் விலக்கு உண்டு. வெறும் பொழுதுபோக்குக்காக ஏமாற்றியிருந்தால், சாதாரணக் குடிமகனிடம் ஒளிபரப்புக்கு முன் சம்மதம் வாங்க வேண்டும். பிரபலங்களும் பொதுவாழ்வில் இருப்பவர்களும் சம்பந்தப்பட்ட காட்சிக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை. நியாயமற்ற ஏளனத்தையோ மன வேதனையையோ உண்டாக்கக்கூடிய காட்சி என்றால் மட்டும் பொதுநலக் காரணம் காட்ட வேண்டும். உங்கள் கவுன்சிலர் வாக்கு கேட்டுப் பதவிக்கு வந்தவர். சரிபார்க்காத செய்தியை மக்கள் பிரதிநிதி பரப்புகிறார் என்பதே பொதுநலன்தான் என்று தயாரிப்பாளர் வாதிட்டால், அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. வாதத்தில் வலுவும் உண்டு: நகைச்சுவையாளர் மார்க் தாமஸ் போலி மக்கள்தொடர்பு நிறுவனம் ஒன்றை நடத்தி, இந்தோனேசிய ராணுவ உயரதிகாரி ஒருவரின் வாயாலேயே சித்திரவதை நடப்பதை ஒப்புக்கொள்ள வைத்தார். அதைச் சிறுபிள்ளைத்தனம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஒப்புதல் படிவத்தை எளிதாக எண்ண வேண்டாம். அமெரிக்காவின் அலபாமா மாநில முன்னாள் தலைமை நீதிபதி ராய் மூர், இஸ்ரேல் ஆதரவுக்காக விருது தருவதாக அழைக்கப்பட்டு 2018-இல் சாஷா பேரன் கோஹனின் நிகழ்ச்சியில் சிக்கியவர். அவர் 9.5 கோடி டாலர் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர்ந்தார். படிவத்தில் ஆபாசமான கேள்விகள் தொடர்பான பகுதியை அவர் பேனாவால் அடித்துவிட்டுத்தான் கையெழுத்திட்டிருந்தார்; ஆனால் அடிக்காமல் விட்ட மற்ற பகுதிகளே அவருடைய கோரிக்கைகளைத் தடுக்கப் போதுமானவையாக இருந்தன. 2021-இல் வழக்கு தள்ளுபடியானது; மேல்முறையீட்டிலும் அவருக்கு வெற்றி கிடைக்கவில்லை. அது நியூயார்க் நீதிமன்றத் தீர்ப்பு, இங்கிலாந்து நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் ‘நிகழ்ச்சியின் தன்மை பற்றி எனக்குச் சொல்லப்பட்ட எதையும் நம்பி நான் கையெழுத்திடவில்லை’ என்ற பொருளில் ஒரு வரி படிவத்தில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இருந்தால், அதை நீக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

நாளை காலையில் நீங்கள் செய்யக்கூடியவை இவை. நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பெனிஸ் ஹவுஸின் இணையதளத்தில் அந்நிறுவனம் எப்போது பதிவானது, இயக்குநர்கள் யார் என்று கட்டணமின்றிப் பாருங்கள். போன மாதம் பிறந்த நிறுவனம் என்றால் கூடுதல் எச்சரிக்கை தேவை. எந்தத் தொலைக்காட்சிக்காக, என்ன தலைப்பில் எடுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும், மின்னஞ்சலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அந்தத் தொலைக்காட்சியின் பொது எண்ணில் அழைத்து உறுதிப்படுத்துங்கள். போதைப்பொருளின் பெயரை உங்கள் கவுன்சிலின் பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அனுப்பினால், அப்படி ஒன்று புழக்கத்தில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இவ்வளவுக்குப் பிறகும் போக விரும்பினால், கவுன்சிலர் தம் சொந்தச் சொற்களில் மட்டுமே பேசுவார், எந்தப் பொருளையும் கையில் பிடிக்க மாட்டார், நீங்கள் உடனிருந்து ஒலிப்பதிவு செய்வீர்கள் என்ற மூன்று நிபந்தனைகளை வையுங்கள். கேலிப் பேட்டிக்காரர்கள் பெரும்பாலும் முதல் நிபந்தனையிலேயே ஆர்வம் இழந்துவிடுவார்கள்.

ஒருவேளை படப்பிடிப்பு முடிந்து சந்தேகம் வந்தால், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக உடனே எழுதுங்கள். அது ஒளிபரப்பைத் தடுக்காமல் போகலாம், ஆனாலும் பதிவில் இருக்கட்டும். ஒளிபரப்பான நாளிலிருந்து 20 வேலை நாட்களுக்குள் ஆஃப்காமிடம் முறையிட வேண்டும். காட்சி யூடியூபில் மட்டும் வெளியானால் ஒளிபரப்பு விதித்தொகுப்பு அதற்குப் பொருந்தாது. அவதூறு வழக்குக்கு ஓராண்டு கெடு உண்டு, ஆனால் அவரே பேசிய சொற்கள் திரிக்கப்படாமல் வந்திருந்தால் அந்த வழியில் போக நான் சொல்ல மாட்டேன். எப்படியானாலும், மின்னஞ்சலோடு வந்த அந்த வாசகத் தாளை அழித்துவிடாதீர்கள். முறையிட நேர்ந்தால் உங்கள் கையில் இருக்கும் முதல் ஆவணம் அதுதான்.