டர்பனில் பழைய காருக்கு வீட்டிலேயே பிரேக் ஏர் எடுக்கலாமா?

தம்பி, பைன்டவுனுக்குக் குடிவந்து பழைய டொயோட்டா டாஸ் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். பிரேக் மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலி நம்மூரை விடப் பல மடங்கு, பாட்டிலும் டியூபும் வைத்து நாமே ஏர் எடுத்துவிட, அதாவது பிரேக் லைனில் சேர்ந்த காற்றை வெளியேற்றிவிட முடியாதா என்று கேட்கிறீர்கள். முடியும். என் காருக்கு நான் வீட்டில்தான் எடுக்கிறேன். ஆனால் டியூப் தேடக் கிளம்பும் முன் பெடலைக் கொஞ்சம் விசாரித்துவிடுங்கள்.

வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் தொளதொளவென்று போய், அடுத்தடுத்து மிதிக்க மிதிக்க மேலே ஏறிக் கெட்டியானால் லைனில் காற்று இருக்கிறது. முதல் மிதியில் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியிலேயே மேலே வந்து கல்லாக நின்றால் பின் சக்கர டிரம்மில் உரசி நிறுத்தும் ஷூவின் அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு ஏர் எடுத்துப் பயனில்லை. மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது: காலை அழுத்தி வைத்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்லத் தரைக்கு இறங்குவது. பெடலை மிதித்ததும் ஆயிலை லைனுக்குள் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போயிருக்கும், இல்லாவிட்டால் எங்கேயோ வெளியே கசிகிறது. அந்த வண்டியைத் தெருவுக்கே எடுக்காதீர்கள்.

காற்று என்றே தெரிந்தாலும் அது எப்படி உள்ளே போனது என்று பார்த்தே ஆக வேண்டும். மூடிய லைனுக்குள் சும்மா காற்று நுழையாது. முன்பு வைத்திருந்தவர் சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரை மாற்றிவிட்டு அரைகுறையாக ஏர் எடுத்திருக்கலாம், மாஸ்டர் சிலிண்டர் மேலுள்ள டப்பாவில் பிரேக் ஆயில் வற்றியிருக்கலாம், கசிவு இருக்கலாம். நாலு டயரின் உள்பக்கத்தையும், பின் டிரம்மின் அடிவிளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ரப்பர் ஹோஸை வளைத்து வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். ஈரம் தெரிந்தால் முதலில் அந்தப் பாகத்தை மாற்ற வேண்டும். இந்த நாட்டில் சொந்தக் காருக்கு ரோட்வொர்த்தி சோதனை, அதாவது ரோட்டில் ஓடத் தகுதியா என்ற சோதனை, கை மாறும்போது மட்டும்தான்; அதன் பிறகு வருஷா வருஷம் யாரும் கூப்பிட்டுப் பார்ப்பதில்லை. அதனால் வண்டியின் நிலைமை முழுக்க உங்கள் பொறுப்பு.

இருப்பதை வைத்து ஒப்பேற்றுவதெல்லாம் டியூப், பாட்டில், மரக்கட்டையோடு நிற்கட்டும். பிரேக் ஆயிலிலும், தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டிலும் அதைச் செய்யாதீர்கள். ஆயில் டப்பா மூடியிலேயே எந்த வகை என்று போட்டிருக்கும், பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4. சீல் பிரிக்காத புது பாட்டிலாக மைடாஸ், ஆட்டோஸோன் போன்ற ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். டாட் 5 என்பது சிலிக்கான்; மற்றதோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு சொட்டு விழுந்தாலும் ரப்பர் சீல்கள் ஊதிப்போகும். ஷெல்ஃபில் திறந்து கிடக்கும் பழைய பாட்டிலும் வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், டர்பன் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அது 155 வரை இறங்கிவிடலாம். உள்ளூரில் சும்மா ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. கடலோரப் பக்கம் இருக்கும் நீங்கள் ஒருநாள் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோகன்னஸ்பர்க் போய்த் திரும்புவீர்கள். வான் ரீனன் கணவாய், பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் என்று வரிசையாக இறக்கம். பிரேக்கிலேயே காலை வைத்து இறங்கினால் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் வெறுமனே தரைக்குப் போய்விடும். உங்கள் வீட்டுப் பக்கத்து ஃபீல்ட்ஸ் ஹில்லும் லேசுப்பட்ட இறக்கமல்ல. 2013 செப்டம்பரில் அங்கே ஒரு கண்டெய்னர் லாரி நிற்காமல் வந்து டாக்சிகள் மேல் ஏறி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லாரியின் பிரேக் முறை வேறுதான். ஆனாலும் கியரைக் குறைத்து இறங்குவதை இன்றே பழகுங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஆயிலையும் மாற்றிவிடுங்கள்.

இனி இடம். பல வீடுகள் சேர்ந்த காம்ப்ளெக்ஸில் இருந்தால் முதலில் அதன் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். பல இடங்களில் பொது இடத்தில் பிரேக் ஆயில் சிந்தக் கூடாது என்று பெயர் சொல்லியே போட்டிருப்பார்கள், வண்டியைப் பிரித்து வேலை செய்யவும் விடமாட்டார்கள். நம்மவர்கள் நிறைய இருக்கும் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ முற்றம் உள்ள வீட்டுக்காரர் யாரையாவது பழக்கம் பிடியுங்கள். எங்கள் தெரு அங்கிளுக்குத் தமிழ் பேச வராது. ஆனால் வருஷம் தவறாமல் காவடி எடுப்பார், ஆக்சில் ஸ்டாண்ட் வேண்டுமென்றால் கேட்கும் முன்பே எடுத்து வைப்பார். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். சிமென்ட் பிளாக் அடுக்குவது அதைவிட ஆபத்து, ஒரே நொடியில் நொறுங்கும். சமதளத் தரை, எதிர்ச் சக்கரங்களுக்கு முட்டு, பாடிக்குக் கீழே ஸ்டாண்ட், கழற்றிய சக்கரத்தையும் அடியில் தள்ளி வைப்பது, இவ்வளவும் வேண்டும்.

மீன்தொட்டிக் கடையில் விற்கும் ஒளி ஊடுருவும் டியூப் ஒரு மீட்டர் போதும். நுனியை வெந்நீரில் தோய்த்தால் நிப்பிளில், அதாவது ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் காற்றை வெளியேற்ற இருக்கும் துளையுள்ள சிறு திருகில், இறுக்கமாக ஏறும். அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் மூடியில் இரண்டு துளை: ஒன்று டியூபுக்கு, ஒன்று காற்றுக்கு. அடியில் இரண்டு விரல் உயரம் புது ஆயில் ஊற்றி டியூப் நுனி அதில் மூழ்கியிருக்கும்படி வையுங்கள். ரிங் ஸ்பேனரை முதலில் நிப்பிளில் மாட்டிவிட்டு அப்புறம் டியூபைச் செருகுங்கள். டியூப் நிப்பிளிலிருந்து மேலே ஏறி வளைந்து பாட்டிலுக்கு இறங்கட்டும், குமிழி திரும்பிப் போகாது. கடற்காற்றில் நிப்பிள் துருப்பிடித்திருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து, லேசாகத் தட்டி வையுங்கள். ஷிஃப்டிங் ஸ்பேனர் வேண்டாம், முனை மழுங்கினால் கதை கெட்டது.

வீட்டில் ஒருவரை டிரைவர் சீட்டில் உட்காரவையுங்கள். எஞ்சின் ஆஃப். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையைப் போடுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில், தினசரி ஓட்டத்தில் பிஸ்டன் எட்டாத ஆழத்தில் துரு இருக்கலாம், பெடல் தரைவரை போனால் சீல் அதில் உரசிக் கிழியலாம். வரிசை, மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவிலிருந்து அருகே: வலது ஸ்டீயரிங் வண்டியில் வழக்கமாக இடது பின், வலது பின், இடது முன், வலது முன். வண்டிக் கையேடு வேறு சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

“அழுத்து” என்றால் அவர் மெல்ல அழுத்தி, “அழுத்திட்டேன்” என்று பதில் சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைக் கால் சுற்றுத் திறப்பீர்கள். கருத்த ஆயில் டியூபில் வரும், நடுநடுவே குமிழிகள் பளிச்சென்று ஓடும். அவர் கால் அப்படியே கீழே இருக்க, நீங்கள் மூடிய பிறகுதான் “விடு”. மூடும் முன் அவர் காலை எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும், அதனால் அவசரமில்லாத ஆளாகப் பாருங்கள். நாலைந்து அழுத்தலுக்கு ஒருமுறை டப்பாவை நிரப்புங்கள். அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குமிழி நின்று, ஆயில் வெளிர்நிறமாக வந்ததும் அடுத்த சக்கரம். பெயின்ட்டில் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், தோலுரித்துவிடும். பழைய ஆயில் விஷம். பாட்டிலில் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கொடுங்கள், சாக்கடையில் வேண்டாம்.

முடிந்ததும் நிப்பிள்களைத் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு பெடலை முப்பது நொடி அழுத்திப் பிடியுங்கள். இறங்காமல் நின்றால், எங்கும் ஈரமில்லை என்று பார்த்துவிட்டு, காலியான பார்க்கிங்கில் நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். இன்னும் பஞ்சாகவே இருந்தால், அல்லது வண்டியில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்து அதன் யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், ஸ்கேன் மெஷின் உள்ள ஒர்க்‌ஷாப்தான் வழி. அங்கேயும் ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.