ஆர்குட் முதல் கூ வரை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு காலத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போனால் எல்லாத் திரையிலும் ஆர்குட்தான். இரண்டு மூன்று வருஷத்தில் அத்தனை பேரும் ஃபேஸ்புக்குக்கு மாறிவிட்டார்கள். ஆர்குட்டில் அப்படி என்ன குறை?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: ஆர்குட்டில் நண்பரின் சேதி தெரிய வேண்டுமென்றால் நாமே போய் அவர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். நூறு நண்பர் என்றால் நூறு கதவு. கூகுள் பொறியாளர் ஆர்குட் புயுக்கோக்டென் உருவாக்கிய அந்தத் தளம் 2004 ஜனவரி 24-இல் தொடங்கியது. அன்று எல்லாத் தளங்களுமே இப்படித்தான் இருந்தன. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் 'நியூஸ் ஃபீட்' கொண்டுவந்து, எல்லோர் சேதியையும் நம் வாசலில் கொட்டியது. ஆர்குட்டும் பின்னாளில் நண்பர்களின் சேதிகளைக் காட்ட ஆரம்பித்தது. ஆனால் தளத்தின் எலும்புக்கூடு பழையதுதான்.

ஸ்கிராப்பை நினைத்துப் பாருங்கள். நண்பரின் ஸ்கிராப் புத்தகத்தில் "எப்போ ஊருக்கு வர்ற?" என்று எழுதுவீர்கள். அவர் பதிலை உங்கள் புத்தகத்தில் எழுதுவார். கேள்வி ஒரு திண்ணையில், பதில் இன்னொரு திண்ணையில். மூன்றாவது ஆள் அதைப் பின்தொடர இரண்டு ஜன்னல்களைத் திறந்து வைத்து மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். அப்படிப் படித்தவர்கள் ஏராளம், அது வேறு விஷயம். ஏனென்றால் ஆரம்பத்தில் எந்த ஸ்கிராப்பையும் யாரும் படிக்கலாம். பூட்டு பிறகுதான் வந்தது. 2006-இல் 'யார் உங்கள் பக்கத்துக்கு வந்தார்கள்' என்ற பட்டியலும் வந்தது. அதை அணைத்து வைத்தால் உங்கள் பக்கத்துக்கு வந்தவர்களையும் நீங்கள் பார்க்க முடியாது. சும்மா எட்டிப் பார்க்கும் பழக்கத்தில் பிழைத்த தளம், எட்டிப் பார்ப்பவர்களையே காட்டிக்கொடுத்தது.

2010 செப்டம்பர் 25, சனிக்கிழமை, 'போம் சாபடோ' என்ற புழு, அதாவது தானாகப் பரவும் கெடுதல் நிரல், பரவியது. பிரேசிலின் மொழியான போர்ச்சுகீசில் 'இனிய சனிக்கிழமை' என்று பொருள். எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை, அந்த ஸ்கிராப் கண்ணில் பட்டாலே போதும், உங்கள் பெயரில் நண்பர்களுக்கெல்லாம் போய்விடும். பலர் ஆர்குட்டைக் கொன்றது இதுதான் என்கிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. அதற்கு முன்பே, அந்த ஜூலையில், காம்ஸ்கோர் நிறுவனத்தின் எண்ணிக்கைப்படி இந்தியாவில் ஃபேஸ்புக்குக்கு 2.09 கோடிப் பார்வையாளர்கள், ஆர்குட்டுக்கு 1.99 கோடி. புழு வந்தபோது கூட்டம் பாதி வழி போய்விட்டிருந்தது. பிரேசில் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தது. 2011 டிசம்பரில் அங்கேயும் ஃபேஸ்புக் முந்தியது. 2014 செப்டம்பர் 30-இல் கடை மூடப்பட்டது.

கேள்வி: மலேசியாவில் எங்களுக்கு ஆர்குட் அல்ல, ஃபிரெண்ட்ஸ்டர்தான். அது 'மெதுவாக இருந்ததால் செத்தது' என்கிறார்கள். வெறும் சர்வர் பிரச்சினைக்கு ஒரு தளம் சாகுமா?
– வாசகி, கிள்ளான்

பதில்: சர்வர் குறைவாக இருந்தால் கூடுதலாக வாங்கிப் போட்டுச் சமாளிக்கலாம். ஃபிரெண்ட்ஸ்டரின் பிரச்சினை அதன் மூலக் கணக்கிலேயே இருந்தது. யார் பக்கத்தைத் திறந்தாலும், அவர் உங்களுக்கு எந்த வழியில் அறிமுகம் என்று நான்கு படிவரை தேடிக் காட்ட வேண்டும் என்பது அதன் விதி. ஆளுக்கு 100 நண்பர் என்று வையுங்கள். முதல் படியில் 100 பேர், இரண்டாவதில் 10,000, மூன்றாவதில் 10 லட்சம், நான்காவதில் 10 கோடி. ஒரே ஆள் பலருக்கும் நண்பராக இருப்பார் என்பதால் உண்மையில் எண்ணிக்கை குறையும். ஆனாலும் இந்தத் தேடலைப் பக்கம் திறக்கும் ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் அவருக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் வேலை கூடும். ஒரு பக்கம் திறக்க 40 விநாடிவரை ஆனது அப்படித்தான்.

ஃபேஸ்புக் இந்தக் குழியில் விழாததற்குக் காரணம் அது தொடங்கிய விதம். முதலில் ஹார்வர்ட், பிறகு ஒவ்வொரு கல்லூரியாகத் திறந்தார்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித் தரவுத்தளம். தேடல் ஒரு கல்லூரிச் சுவருக்குள் முடிந்துவிடும். சர்வர் தயாரான பிறகே அடுத்த கல்லூரிக்குக் கதவு.

ஃபிரெண்ட்ஸ்டர் 2003-இல் கூகுள் கொடுக்க வந்த 3 கோடி டாலரை வேண்டாம் என்றது. அமெரிக்காவில் காலியாகி, உங்கள் பக்கமும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா பக்கமும் வாழ்ந்து, 2009 டிசம்பரில் மலேசியாவின் எம்ஓஎல் நிறுவனத்திடம் வந்தது. மறு ஆண்டு அதன் காப்புரிமைகளை ஃபேஸ்புக் 4 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. 2011 மே 31-இல் பழைய படங்களும் பதிவுகளும் அழிக்கப்பட்டு, அது விளையாட்டுத் தளமானது.

கேள்வி: என் ஃபேஸ்புக்கில் 1,200 நண்பர்கள். பேசுவது நாலு பேர். தளம் காலியாகிறது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், காரைக்குடி

பதில்: அந்த 1,200-ஐ மறந்துவிட்டு நாலு பேரைப் பாருங்கள். கணக்குகளின் எண்ணிக்கை எதையும் காட்டாது. போனவர்கள் யாரும் கணக்கை மூடிவிட்டுப் போவதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் தளத்தில் தங்க, பேச்சுத்துணைக்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேர் வட்டமாக நின்று, இடமும் வலமும் உள்ளவரோடு மட்டும் பேசுகிறார்கள். எல்லோருக்கும் இரண்டு துணை, எல்லோரும் தங்குவார்கள். ஒருவர் கிளம்புகிறார். அவருக்கு இருபுறமும் இருந்தவர்களுக்கு இப்போது ஒரே துணை, அவர்களும் கிளம்புவார்கள். மிச்சம் இரண்டு பேர், ஆளுக்கு ஒரே துணை. அவர்களும் போவார்கள். ஒருவர் போய் ஐந்து இடம் காலி. அதே ஐந்து பேரும் ஒருவருக்கொருவர் எல்லோரோடும் பேசுபவர்களானால், இரண்டு பேர் போனாலும் மிச்ச மூவருக்கும் தலா இரண்டு துணை இருக்கும். வட்டம் கலையாது. சூரிச்சின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் ஃபிரெண்ட்ஸ்டரைப் 'பிரேதப் பரிசோதனை' செய்தபோது பார்த்தது இந்தப் பின்னலைத்தான்.

எனவே பார்க்க வேண்டியது: உங்கள் நாலு பேரும் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா, அல்லது உங்களோடு மட்டும்தானா? அப்புறம், தளத்திலிருந்து வரும் அறிவிப்பு. 'இன்னார் உங்களுக்குப் பதில் எழுதினார்' என்பது குறைந்து, 'இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்', 'இந்த வீடியோ பிரபலம்' என்பது கூடினால், சொல்வதற்கு உண்மையான சேதி தளத்திடம் இல்லை என்று அர்த்தம்.

கேள்வி: மைஸ்பேஸை வாங்கியவர் நஷ்டப்பட்டாரா?
– வாசகர், ஈரோடு

பதில்: ஃபேஸ்புக்குக்கு முன்பு கொடிகட்டிப் பறந்த சமூகத் தளம் மைஸ்பேஸ். அதற்கு ரூபர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப் 2005-இல் 58 கோடி டாலர் கொடுத்தது, 2011-இல் 3.5 கோடிக்கு விற்றது. ஆனால் இடையில் 2006-இல் கூகுளோடு 90 கோடி டாலர் விளம்பர ஒப்பந்தம் போட்டுவிட்டதால் போட்ட காசு போனதாகச் சொல்ல முடியாது. தளம் போனதே அந்த ஒப்பந்தத்தால்தான் என்பது என் கட்சி. இத்தனை பார்வை வந்தால்தான் பணம் என்ற நிபந்தனை இருக்கும்போது, ஒரே பக்கத்தில் முடியும் வேலையை நாலு பக்கமாக்கத்தான் தோன்றும். கூடவே, பயனர்கள் தங்கள் பக்கத்தில் நிரல் எழுதி அலங்கரிக்கவும் விட்டிருந்தார்கள். 2005 அக்டோபரில் 'சாமி' என்ற புழு அந்த ஓட்டை வழியே புகுந்து, 20 மணி நேரத்துக்குள் 10 லட்சம் கணக்குகளுக்கு மேல் பரவியது.

பெரிய சோகம் 2019-இல். 2003 முதல் 2015 வரை ஏற்றிய பாடல்கள் சர்வர் மாற்றத்தில் போய்விட்டதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டது. சுமார் 5 கோடிப் பாடல்கள். வேறு பிரதி வைத்திருக்காத சின்னக் குழுக்களுக்கு அதோடு முடிந்தது.

கேள்வி: ஆர்குட்டில் ஏற்றிய என் கல்யாணப் படங்களை மீட்க முடியுமா? மீட்டுத் தருவதாக ஒரு இணையதளம் ஜிமெயில் பாஸ்வேர்டு கேட்கிறது.
– வாசகி, மன்னார்குடி

பதில்: பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள், கொடுத்திருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஆர்குட் தரவை, நம் கோப்புகளை இறக்கித் தரும் 'கூகுள் டேக்அவுட்' சேவை வழியே எடுக்க 2016 செப்டம்பர்வரைதான் அவகாசம் இருந்தது. அதன்பிறகு யாராலும் எடுக்க முடியாது. ஒரே ஒரு வாய்ப்பு: மூடும் சமயத்தில் படங்களை கூகுளின் இன்னொரு சமூகத் தளமான கூகுள் பிளஸ்ஸுக்கு மாற்றும் வசதி இருந்தது. அப்போது மாற்றியிருந்தால் அதே ஜிமெயில் கணக்கின் கூகுள் போட்டோஸில் தேடிப் பாருங்கள். கூகுள் பிளஸ்ஸும் 2019 ஏப்ரல் 2-இல் போய்ச் சேர்ந்துவிட்டது. இரண்டு ஆண்டு தொடாத கணக்கை கூகுள் நீக்கக்கூடும் என்பதால் தேடுவதை இன்றே செய்யுங்கள்.

கேள்வி: 'கூ' செயலியில் தமிழ் இருந்தது, மந்திரிகள் இருந்தார்கள். ஏன் ஓடவில்லை?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கூ என்பது ட்விட்டர் மாதிரியான இந்தியச் செயலி. மந்திரிகள் ட்விட்டரிலும் இருந்தார்கள், அதனால்தான். 2021 பிப்ரவரியில் அரசுக்கும் ட்விட்டருக்கும் உரசல் வந்தபோது துறைகள் கூவுக்கு வந்தன. ஆனால் பழைய இடத்தைக் காலி செய்யவில்லை. அங்கே படித்ததையே இங்கே படிக்க எதற்கு இன்னொரு செயலி? 2022-இல் பிரேசிலில் திடீரென்று கூட்டம் வந்தது. போர்ச்சுகீசில் அந்தப் பெயர் எப்படி ஒலிக்கும் என்பதை இங்கே அச்சிட முடியாது. உச்சத்தில் தினமும் 21 லட்சம் பேர், மாதம் ஒரு கோடி என்று நிறுவனர்களே சொன்னார்கள். விளம்பரத்தை நம்பிப் பிழைக்க அது போதாது. வாங்க ஆள் தேடினார்கள். பேச்சு முறிந்து, 2024 ஜூலையில் மூடினார்கள்.

கேள்வி: அப்போ ஃபேஸ்புக்குக்கு இன்னும் எத்தனை நாள்?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: 2014-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், நோய் பரவும் சூத்திரத்தை வைத்து, 2017-க்குள் ஃபேஸ்புக் தன் கூட்டத்தில் 80 சதவீதத்தை இழக்கும் என்றார்கள். ஃபேஸ்புக்காரர்கள் அதே பாணியில் கணக்குப் போட்டு, 2021-இல் பிரின்ஸ்டனில் ஒரு மாணவர்கூட இருக்க மாட்டார் என்று பதில் எழுதினார்கள். நான் தேதி சொல்வதாக இல்லை.

கேள்வி: எதற்கும் இருக்கட்டும் என்று என் ஃபேஸ்புக் பதிவுகளை டவுன்லோடு செய்தேன். தமிழ் முழுக்கக் கிறுக்கலாக வருகிறது. என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ', அடுத்து வட்டத்துக்குள் 'ஆர்' போட்ட பதிவுக்குறி, இந்த ஜோடி திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியானால் நீங்கள் ஜேசன் என்ற, நிரல்கள் படிப்பதற்கான வடிவத்தில் எடுத்திருக்கிறீர்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். ஃபேஸ்புக்கின் ஜேசன் கோப்பில் அந்த மூன்றும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எழுதப்படுகின்றன. அதனால் 'அ' ஒன்று மூன்று எழுத்தாகிறது. தமிழ் எழுத்துகள் பெரும்பாலும் ஒரே இரண்டு பைட்டில் தொடங்குவதால்தான் அந்த ஜோடி விடாமல் வருகிறது. புள்ளி, உகரக் குறி, ஏகாரக் குறி போன்ற சில குறிகள் வரும் இடங்களில் பதிவுக்குறிக்குப் பதில் மேலே ஒரு சிறு கோடு தெரியும். எழுத்து எதுவும் அழியவில்லை. பைத்தான் தெரிந்தவரிடம் கொடுத்து, கோப்பைப் பிரித்த பிறகு ஒவ்வொரு சரத்தையும் லத்தீன்-1-இல் பைட்டாக்கி யூடிஎஃப்-8-இல் திரும்பப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு வரி வேலை.

அதைவிடச் சுலபம், மறுபடி எடுப்பது. செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்டர், 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்' என்று போனால் தகவலை டவுன்லோடு செய்யும் இடம் வரும். பட்டன்களின் பெயரை அடிக்கடி மாற்றுவார்கள், பதற வேண்டாம். வடிவம் எச்டிஎம்எல் என்று வையுங்கள், பிரவுசரில் அப்படியே திறந்து படிக்கலாம். படத்தின் தரத்தை 'ஹை' ஆக்குங்கள். கால அளவை 'ஆல் டைம்' என்று மாற்றுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான், கடைசி ஓராண்டு மட்டும் வந்திருக்கும், கவனிக்காமல் எடுத்து வைத்துவிடுவார்கள். கோப்பு தயாரானதும் சில நாள்தான் இணைப்பு உயிரோடு இருக்கும்.

வராதவையும் உண்டு. உங்கள் பதிவுக்கு மற்றவர்கள் எழுதிய கமெண்ட் வராது. நீங்கள் எழுதியது மட்டும் வரும். முக்கியமான பதிவுகளை கமெண்டுகளை விரித்து வைத்து, பிரவுசரில் பிரிண்ட் கொடுத்து பிடிஎஃப்பாக எடுங்கள். மெசஞ்சரில் என்கிரிப்ஷன் போட்ட உரையாடல்களைத் தனியாக எடுக்க வேண்டும். படம் எடுத்த தேதி ஃபேஸ்புக்கில் ஏற்றும்போதே படக் கோப்பிலிருந்து உரிக்கப்பட்டுவிடும் என்பதால், போன் கேலரியில் போட்டால் பத்து வருஷத்துப் படமெல்லாம் இன்று எடுத்தது போல் ஒரே நாளில் குவியும். படத்தை ஏற்றிய தேதியாவது எச்டிஎம்எல் பக்கத்தில் படத்துக்குக் கீழே இருக்கும். ஆகவே படங்களை மட்டும் உருவிக்கொண்டு மற்றதை அழித்துவிடாதீர்கள். ஜிப் கோப்பை அப்படியே, இரண்டு இடத்தில் வையுங்கள்.