பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோபிசெட்டிபாளையம் வாசகர்): ஈரோட்டுப் புரோக்கர் ஒருத்தர் மாருதி ஜென் கார்பன் காட்டினாருங்க. மூணு கதவு, கறுப்பு, 2003 மாடல், டெல்லி நம்பர். மொத்தமே முந்நூறு வண்டிதான் வந்துச்சு, அதுல இது நூத்திப் பதினாலாவதுன்னு டேஷ்போர்டுல ஒட்டின பித்தளைத் தகட்டைக் காட்டுறார். சாதாரண ஜென்னைப் போல நாலு மடங்கு விலை. நம்பி வாங்கலாமுங்களா?

பதில்: முதலில் அந்தத் தகட்டை மறந்துவிடுங்கள். நாம் இருப்பது கோயமுத்தூர்ப் பக்கம். கணபதியில் ஒரு லேத் பட்டறையில் காலையில் பேப்பரில் வரைந்து கொடுத்தால், சாயங்கால டீக்குள் அதைவிட நல்ல தகடாகவே செய்து கையில் கொடுத்துவிடுவார்கள். ஊரின் பெருமை அது, ஆனால் பழைய வண்டி வாங்குகிறவனுக்குத் தலைவலியும் அதுதான். கழற்றி மாட்டக்கூடிய எதுவும் சாட்சி ஆகாது. ஸ்டிக்கர், சீட் கவர், வீல் கப், தகடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

வண்டி கற்பனை இல்லை. 2003-ல் மாருதி கறுப்பில் கார்பன், வெள்ளி நிறத்தில் ஸ்டீல் என்று மூன்று கதவு ஜென்களைக் குறைந்த எண்ணிக்கையில் விட்டது உண்மை. பக்கத்துக்கு ஒரு கதவு, டிக்கிக் கதவோடு சேர்த்து மூன்று. உங்களுக்கு நல்ல காலம், ஏனென்றால் இந்த வண்டியின் அடையாளம் ஸ்டிக்கரில் இல்லை, பாடியிலேயே இருக்கிறது.

ஐந்து கதவு ஜென் ஒன்றைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, முன்கதவின் நீளத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். அசல் மூன்று கதவு வண்டியில் முன்கதவு நீளமாக இருக்கும், நடுத்தூண் பின்னால் தள்ளிப் போயிருக்கும், அதனால் சீட் பெல்ட் மாட்டும் இடமும் பின்னால்தான் இருக்கும், பின்சீட்டுக்கு ஆள் ஏற முன்சீட்டு மடங்கி நகர்ந்து வழிவிடும். பின்கதவை வெல்டு வைத்து அடைத்து, பட்டி போட்டுக் கறுப்படித்தால் தூரத்துப் பார்வைக்கு மூன்று கதவு மாதிரியே தெரியும். ஆனால் குட்டைக் கதவு குட்டையாகவேதான் இருக்கும். மெல்லிய துணியில் காந்தத்தைச் சுற்றிப் பின்பக்கத் தகட்டில் மெதுவாக நகர்த்துங்கள், பட்டி கனமாக இருக்கும் இடத்தில் பிடி விட்டுப்போகும். உள்பக்க டிரிம்மைக் கழற்ற விடுவார் என்றால் கழற்றி, பின்கதவு கீல் இருந்த ஓட்டை, லாக் இருந்த ஓட்டை தெரிகிறதா என்று பாருங்கள். விடமாட்டேன் என்றால் அதுவும் ஒரு பதில்தான்.

இன்னொன்று. ஸ்டீலைக் கறுப்படித்துக் கார்பன் என்று விற்கவும் வாய்ப்பு உண்டு. கார்பெட்டுக்கு அடியிலும் பானெட் உள்பக்க மடிப்பிலும் வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கிறதா என்று பார்த்துவிட்டு, ஆர்சியில் எழுதியிருக்கும் நிறத்தோடு ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக் பாகங்களின் பின்பக்கம் கடிகாரம் மாதிரி ஒரு சின்ன வட்டத்தில் 1 முதல் 12 வரை எண்களும் ஓர் அம்புக்குறியும் இருக்கும் பாருங்கள், அது பாகத்தை வார்த்த மாதமும் வருடமும். ஒன்றிரண்டு மாறியிருந்தால் பரவாயில்லை, இருபது வருட வண்டி. எல்லாமே 2006 என்றால் யோசிக்க வேண்டும்.

அப்புறம் காகிதம். டெல்லியில் 15 வருடம் தாண்டிய பெட்ரோல் வண்டிக்குத் தடை வந்த பிறகு அங்கிருந்து பழைய வண்டிகள் தெற்கே வருவது சகஜம், அதில் தப்பில்லை. ஆனால் என்ஓசி, அதாவது வண்டியை வேறு ஊருக்கு மாற்ற ஆட்சேபனை இல்லை என்று அங்குள்ள ஆர்டிஓ தரும் சான்று, இல்லாமல் ஒரு பைசா அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். என்ஓசிக்குப் போடும் படிவம் 28-ல் சேசிஸ் எண்ணின் பென்சில் பிரிண்ட் (எண் மேல் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பது) ஒட்ட வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்கி, வண்டியில் நீங்களே ஒரு பிரிண்ட் எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, எழுத்துகளின் இடைவெளி, சாய்வு எல்லாம் ஒத்துப்போக வேண்டும். மாருதி சேசிஸ் எண் MA3 என்று தொடங்கும். நம் ஊரில் மறுபதிவு, வரி என்று வரும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள், புரோக்கர் அதைச் சொல்லமாட்டார்.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வருடங்களுக்கு முன்னால் ஒரு பிரீமியர் பத்மினி காரை ஒரே ஓனர் வண்டி என்று நம்பி வாங்கினேன். தகடு பளபளவென்று இருந்ததே என்று சந்தோஷப்பட்டேனே தவிர, அதைப் பிடித்திருந்த ரிவெட் ஏன் புதுசாக இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. ஆர்டிஓ ஆபீசில் பென்சில் வைத்துத் தேய்த்தபோதுதான் சேசிஸ் எண்ணில் இரண்டு இலக்கங்கள் கிரைண்டர் பட்டு மழுங்கியிருந்தது தெரிந்தது. வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லித்தான் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகி): அப்பிச்சியோட 1961 அம்பாசடர் தோப்புல நிக்குது. இடையில ஐசுஜு இன்ஜின் போட்டுட்டாங்க. விண்டேஜ் நம்பர் வாங்க முடியுமா?

பதில்: இப்போது இருக்கிற நிலையில் கஷ்டம்தான் அம்மணி. 2021-ல் வந்த மத்திய விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், அதில் நீங்கள் பாஸ். ஆனால் சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. 1961 வண்டியில் வந்தது 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், அம்பாசடரில் ஐசுஜு வந்தது 1990-களில்தான். பழைய இன்ஜின் தோப்பு மூலையிலோ மோட்டார் ரூமிலோ கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள், நம் ஆட்கள் இரும்பைச் சுலபத்தில் எடைக்குப் போடமாட்டார்கள். கிடைத்து, எண் பழைய ஆர்சி புக்கோடு ஒத்துப்போனால் திரும்ப ஏற்றிவிட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், VA என்ற எழுத்தோடு நம்பர் வரும். அந்த நம்பரில் தினமும் சந்தைக்குப் போக முடியாது, கண்காட்சி, ரேலி, பராமரிப்பு மாதிரிக் காரியங்களுக்கு மட்டும்தான்.

கேள்வி (திருப்பூர் வாசகர்): பழைய பத்மினியில் இன்ஜின் நம்பர் ஆர்சியோடு சேரவில்லை. 'பின்னால மாத்திக்கலாம்' என்கிறார் விற்பவர்.

பதில்: அவர் பெயரில் இருக்கும்போதே மாற்றித் தரச் சொல்லுங்கள். பணம் அதற்கப்புறம்.